பூட்டிய கேட்டுக்கு முன்னால் கூப்பிட்ட பெயர்கள்

அன்புத் தங்கை தொமித்திலாவுக்கு,

அக்கா பெத்ரோனா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். சுகமா என்று கேட்டால், அதற்கு இந்தக் கடிதம் முழுவதும்தான் பதில். உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். கீழே சமவெளியில் பட்டாள முகாம் இருந்த இடத்தைப் பற்றியது. இப்போதே கேட்டால் கடிதத்தை அடுப்பில் போட்டுவிடுவாய். அதனால் கடைசியில் கேட்கிறேன். அதுவரை படி.

ஏலக்காய்ச் செடிகளைப் பூச்சி பிடித்துவிட்டது. மழை நிற்கவே மாட்டேன் என்கிறது. அண்ணன் மத்தேயோவுக்கு முழங்கால் மடங்கவில்லை, வாய் மட்டும் முன்பு போலவே ஓடுகிறது. மெக்சிகோவில் உன் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள்? சின்னவன் இன்னும் மரம் ஏறுகிறானா?

என் பேத்தி ஒதீலியா உளவியல் படித்து முடித்துவிட்டாள். நான் ஐந்தாவதோடு நின்றவள். அவள் படித்த படிப்பின் பெயரைச் சொல்லவே எனக்கு ஒரு வாரம் பிடித்தது. இப்போது சந்தையில் யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். தலைநகரில் முதல் நாள் இவள் உடுத்திய நம் மலைக்காரர்கள் பாவாடையைப் பார்த்துவிட்டு, வேலைக்காரப் பெண் என்று நினைத்துத் துடைப்பத்தைக் கையில் கொடுத்தார்களாம். வாங்கி வாத்தியார் மேசை மேல் வைத்துவிட்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தாளாம். என் ரத்தம் இல்லையா.

படிப்பு முடிந்ததும் அங்கேயே வேலை கொடுத்தார்கள். வேண்டாம் என்று இங்கே வந்துவிட்டாள். அவள் வந்த மாதம் அரசாங்கத்திலிருந்து ஒரு டாக்டரும் வந்தார். சண்டைக் காலத்தில் பகலில் துணி துவைக்கவும் ராத்திரியில் வாய்விட்டுச் சொல்ல முடியாததுக்கும் பட்டாளத்தான்கள் முகாமுக்கு இழுத்துப்போன பெண்களில் மிச்சம் இருப்பவர்களைப் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தார். எங்களுக்குத் தூக்கம் வருவதில்லை என்று யாரோ எழுதிப் போட்டிருக்கிறார்கள். டாக்டர் நல்ல மனிதர்தான். சண்டை முடிந்து முப்பது வருடம் ஆகிவிட்டது, பழையதை நினைப்பது ஒரு நோய், ராத்திரி ஒரு மாத்திரை போட்டால் மறந்துவிடும் என்றார். ஒதீலியா அதை எங்கள் கெக்சி மொழியில் எங்களுக்குச் சொல்லிவிட்டு, அவர் பக்கம் திரும்பினாள்.

"தூக்கம் வராதது இவங்க நோய் இல்ல டாக்டர். செஞ்சவன் வெளியில நல்லா தூங்குறான். அதுக்கு ஏதாவது மாத்திரை வெச்சிருக்கீங்களா?"

டாக்டர் மாத்திரைப் பெட்டியை வைத்துவிட்டுப் போய்விட்டார். காந்தெலாரியாக் கிழவி அதைக் கோழிக்குப் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாள்.

ஆனால் அதன் பிறகு ஒதீலியா எங்களை வட்டமாக உட்கார வைத்து முகாமில் நடந்ததைக் கேட்டபோது ஒருத்தியும் வாய் திறக்கவில்லை, நானும்தான். சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். அவள் கோபப்படவில்லை. சின்ன வயதில் தான் ஆற்றில் விழுந்த கதையைச் சொன்னாள். நாலு நாள் சாப்பிடாமல் கிடந்ததையும், நான் அவளை அதே கரைக்குத் தூக்கிப்போய், சாம்பிராணி போட்டு, மரக்கிளையால் தரையைத் தட்டி, அவள் பெயரைக் கூப்பிட்டதையும் சொன்னாள். பயந்த இடத்திலேயே நிழல் தங்கிவிடும், போய்க் கூப்பிட்டால்தான் உடம்போடு வரும் என்பது உனக்குத் தெரியாததா. அவள் புத்தகங்களிலும் இதே நோய் இருக்கிறதாம், வேறு பெயரில். ஆனால் நாற்காலியில் உட்கார வைத்தே சரிசெய்யப் பார்க்கிறார்களாம். நீங்கள் பயந்த இடத்துக்கே போவோம் என்றாள்.

நான்தான் தடுத்தேன். அங்கே இப்போது எண்ணெய்ப்பனைத் தோட்டம், கேட், பூட்டு, துப்பாக்கியோடு காவல், எப்படிப் போவாய் என்று சத்தம் போட்டேன். அவள் மெதுவாகச் சொன்னாள்: "அப்ப அந்தப் பூட்டும் நோயில பாதி, பாட்டி."

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் போனோம். தோட்டத்து மேஸ்திரி எஃப்ராயின் கேட்டுக்கு உள்ளே நின்றான். எதைத் தொலைத்துவிட்டு வந்து தேடுகிறீர்கள் என்று கேட்டான். நிழலை என்றோம். கூட நின்ற காவல்காரர்கள் சிரித்தார்கள். நிழல் வேணும்னா உச்சி வெயில்ல வாங்க, உங்க காலடியிலயே கிடைக்கும் என்றான் மேஸ்திரி. காந்தெலாரியா விடவில்லை.

"தம்பி, உன் முதலாளி பனை நடுறதுக்கு முன்னாடியே எங்க நிழல் இங்க குடியேறிடுச்சு. அதுக்கு நாங்க வாடகை கேக்க வரல. கூட்டிட்டுப் போகத்தான் வந்தோம், கதவைத் திற."

திறக்கவில்லை. கேட்டுக்கு வெளியே சாம்பிராணி போட்டு அவரவர் பெயரைக் கத்திக் கூப்பிட்டோம். உள்ளே பழக்குலை வெட்டிக்கொண்டிருந்தவர்கள் அரிவாளை இறக்கிவிட்டுப் பார்த்தார்கள். போலீஸ் வந்தது, யாரிடம் அனுமதி வாங்கினீர்கள் என்று கேட்டது. இது சிகிச்சை, நான்தான் சிகிச்சை கொடுக்கிறவள், நிறுத்தச் சொல்வதென்றால் உங்கள் பெயரைச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன் என்றாள் ஒதீலியா. அவர்கள் பெயரைச் சொல்லவில்லை. ஜீப்பிலேயே உட்கார்ந்துகொண்டார்கள்.

அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் போனோம். ஒருநாள் காந்தெலாரியா, நம்மோடு இருந்து செத்துப்போனவர்களையும் விட்டுவிடக் கூடாது என்று அவர்கள் பெயர்களையும் கூப்பிட ஆரம்பித்தாள். "வா மார்செலினா, இங்க இருக்காத, வீட்டுக்கு வா" என்றாள். உனக்கு மார்செலினாவைத் தெரியும், உன் பக்கத்தில் நின்று பட்டாளத் துணி துவைத்தவள். எஃப்ராயின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எந்த மார்செலினா என்று கேட்டான். இடது கை சுண்டுவிரல் வளைந்தவள் என்றோம். அவள் அவனைப் பெற்றவள். முகாமில் இருந்ததைச் சாகும்வரை அவனிடம் சொல்லவே இல்லை. சாவியை எடுத்தான். கம்பி வழியாக நீட்டினான், ஒதீலியாதான் வாங்கித் திறந்தாள்.

நீ கேட்க மாட்டாய், ஆனாலும் சொல்கிறேன். கூடாரங்கள் இருந்த இடத்தில் பனை வரிசை. ஆறு அப்படியே இருக்கிறது. துவைக்கிற கல்லும் இருக்கிறது. எஃப்ராயின் அதன் பக்கத்தில் மண்டியிட்டுத் தன் அம்மாவைத் தானே கூப்பிட்டான். நான் தரையைத் தட்டி, "வா பெத்ரோனா, போகலாம்" என்றேன். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. கோபம் வந்தது. இவ்வளவு கோபம் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது. ஒதீலியாவிடம் சொன்னேன். அதுவும் உன்னோடதுதான் பாட்டி, இங்கே விட்டுட்டு வராதே என்றாள். வீட்டுக்கு வந்து இரண்டு கிண்ணம் வான்கோழிக் குழம்பு குடித்தேன். மத்தேயோவை ஒரு பாட்டம் திட்டினேன். அவன் பழைய பெத்ரோனா வந்துவிட்டாள் என்று சந்தோஷப்பட்டான்.

அங்கே உன் பெயரையும் கூப்பிட வாய் திறந்தேன். மூடிக்கொண்டேன். உன் வீட்டுக்காரருக்கோ பிள்ளைகளுக்கோ நீ சொல்லவில்லை. சொல்வதும் சொல்லாததும் உன் விருப்பம். நீ சரி என்று சொல்லாமல் உன் பெயரை நான் அந்த இடத்தில் எடுக்க மாட்டேன்.

முதலாளி எஃப்ராயினை வேலையை விட்டு அனுப்பிவிட்டார், புதுப் பூட்டும் போட்டிருக்கிறார். எஃப்ராயின் இப்போது கேட்டுக்கு இந்தப் பக்கம் எங்களோடு நிற்கிறான். மே மாதம் குருசுத் திருநாளன்று மறுபடி போகிறோம். பக்கத்து ஊர்ப் பெண்களும் வருகிறார்கள். கேட் திறந்தால் நடந்து போவோம், திறக்காவிட்டால் முதலாளி வீட்டு மாடி வரை கேட்கிற மாதிரி கூப்பிடுவோம். வெட்கம் நம்முடையது இல்லை தொமித்திலா. இத்தனை வருடம் வேறு யாருடையதையோ நாம் சுமந்துவிட்டோம்.

நீ வந்தால் என் கட்டிலை உனக்குத் தருகிறேன். வர முடியாவிட்டால், தூரத்தில் இருக்கிறவர்களுக்கு அவர்கள் உடுத்திய துணி ஒன்று போதும். அதைத் தரையில் விரித்துக் கூப்பிட்டு, சுருட்டித் திருப்பி அனுப்பிவிடுவேன். நீ அதைப் போட்டுக்கொண்டால் சரி. வீட்டில் கேட்டால், அக்காவுக்கு அளவு பார்க்க வேண்டுமாம் என்று சொல். இதைத்தான் கேட்க நினைத்தேன். இந்தக் கடிதத்தோடு அங்கே பஸ்ஸில் வரும் மத்தேயோவின் மகனிடம் கொடுத்துவிடு.

மலைச்சாமி உன் வாசலைக் காக்கட்டும். உன் பிள்ளைகள் யாருக்கும் தலை குனியாமல் வளரட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா
பெத்ரோனா சோக்

ஒன்று சொல்ல விட்டுப்போனது. துணியைத் துவைக்காமல் அனுப்பு. நீ துவைத்ததெல்லாம் போதும்.