ஏழாம் வகுப்பில் பிரெஞ்சு மட்டும்

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்றும் சந்தைக்கடைதான். ஏழாம் வகுப்பில் பிரெஞ்சு நடத்தினேனா, தொண்டையைத் தொலைத்தேனா தெரியவில்லை. ஜன்னலோரம் உட்காரும் பெண்ணுக்கு நான் மனதுக்குள் வைத்திருக்கும் பெயர் ரேடியோ. பிரெஞ்சிலும் தப்புத்தப்பாக எதையாவது சொல்லிக்கொண்டே இருப்பாள். வகுப்பே சிரிக்கும். அப்புறம் அடங்கவே அடங்காது.

தலைமையாசிரியை கூப்பிட்டார். "உங்க கிளாஸ் சத்தம் என் ரூம் வரைக்கும் கேக்குது. இப்படியே போனா உங்களை நிரந்தரம் பண்ணுங்கன்னு நான் எப்படி எழுதுறது?"

ஆகஸ்ட் 5

வீட்டுக்காரரிடம் சொல்லி அழுதேன். "நீ பிரெஞ்சுல திட்டினா அதுங்களுக்கு என்ன புரியும்?" என்று சிரிக்கிறார். இந்த வேலையும் போனால் வேறு எந்தப் பள்ளியில் பிரெஞ்சு டீச்சரைத் தேடுகிறார்கள்? அவருக்கென்ன.

ஆகஸ்ட் 7

சட்டம் போட்டுவிட்டேன். வகுப்பில் பிரெஞ்சு மட்டும். வேறு மொழியில் வாயைத் திறந்தால் மணி அடிக்கும்வரை நிற்க வேண்டும். ரேடியோதான் முதலில் நின்றாள்.

ஆகஸ்ட் 14

குண்டூசி விழுந்தால் கேட்கும். தலைமையாசிரியை எட்டிப் பார்த்து, "என்ன மாயம் பண்ணீங்க?" என்றார். பூரித்துப் போனேன்.

ஆகஸ்ட் 20



சின்னப் பரீட்சை என்று பைகளை வராந்தாவில் வைக்கச் சொல்லியிருந்தேன். நடுவில் ரேடியோ எழுந்து, பிரெஞ்சில் "வணக்கம், மேடம்" என்றாள். உட்காரச் சொன்னேன். மறுபடி எழுந்தாள். மறுபடி "வணக்கம், மேடம்." எல்லோரும் சிரித்தார்கள். கொழுப்பு என்று நினைத்து முறைத்தேன். அடுத்த முறை எழுந்தவள் அப்படியே பெஞ்சில் சரிந்தாள். மூச்சு இழுக்கிறது, உதடு நீலமாகிறது. ஆஸ்துமாவாம். மருந்து வெளியே, பையில். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம்.

'வெளியே போகலாமா' என்று பிரெஞ்சில் கேட்க நான் இன்னும் சொல்லிக்கொடுக்கவே இல்லை. தெரிந்த ஒன்றைச் சொன்னாள். மூச்சு முட்டுற குழந்தை வணக்கம் சொல்லுது — எனக்கு உறைக்க வேணாமா? நானெல்லாம் ஒரு டீச்சரா?

ஆகஸ்ட் 21

ஆஸ்பத்திரிக்குப் போனேன். தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா கோபப்படவே இல்லை. "தமிழ்ல பேசினா நிக்கணும்னு பயந்துட்டா மேடம், நீங்க அழாதீங்க" என்று எனக்கே சமாதானம் சொன்னார். ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால் தேவலை.

ஆகஸ்ட் 25

தலைமையாசிரியையிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். "வியாதி இருக்குன்னு வீட்டுல முன்னாடியே சொல்லியிருக்கணும். நீங்க ஏன் மனசைப் போட்டுக் குழப்பிக்கிறீங்க? உங்களை நிரந்தரம் பண்ணச் சொல்லி எழுதிட்டேன். கிளாஸ் இப்படியே இருக்கட்டும்."

வீட்டுக்காரருக்கு ஒரே சந்தோஷம். எனக்குச் சோறு இறங்கவில்லை.

செப்டம்பர் 1

சட்டத்தை எடுத்துவிட்டேன். "எந்த மொழியில வேணும்னாலும் பேசுங்கடா" என்றேன். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

செப்டம்பர் 3

ரேடியோ வந்துவிட்டாள். பக்கத்தில் போய், வீட்டில் பேசுவதுபோல மெதுவாகக் கேட்டேன். "இப்ப எப்படிம்மா இருக்கு?"

எழுந்து நின்றாள். என் முகத்தைப் பார்க்காமல், பிரெஞ்சில், ஒரு தப்பும் இல்லாமல், "நலமாக இருக்கிறேன், மேடம்" என்றாள். நான் சொல்லும்வரை உட்காரவில்லை.