கிணற்றடிக்கு இழுத்த மணி

08.01.2025, புதன்

வயர் திரும்பவும் கழன்றுவிட்டது. முறுக்கி, மேலே ஒட்டு ரேப் சுற்றினால் போதும் என்று நினைத்தேன், காற்றுக்கு நிற்கவில்லை. என் மனுசி சுவர்ணா என்னைக் கூப்பிட அவளின் கட்டிலில் ஒரு சுவிற்சு, கிணற்றடி மோட்டார் கொட்டிலில் பழைய மோட்டார் சைக்கிள் ஹோர்னும் பற்றறியும், நடுவில் வேலியோரமாக வயர் — இவ்வளவுதான் என் விஞ்ஞானம். கடையில் விற்கும் வயரில்லாத மணி வெங்காயத் தோட்டம்வரை எட்டாது.

பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தபிறகு அவளுக்கு வலக்கை அசையாது. குரலும் எழும்பாது. முன்பு குசினியில் நின்று “இஞ்சாருங்கோ” என்றால் பக்கத்துத் தோட்டத்து நமசிவாயமும் நிமிர்ந்து பார்ப்பான். இப்போது நான்தான் தோட்டத்துத் தண்ணீர் இறைப்பை விட்டுவிட்டு ஓடி ஓடி வந்து எட்டிப் பார்க்கிறேன். என்னைக் கண்டதும் அவளுக்குச் சந்தோசம், எனக்கு முழங்கால் நோ.

கொழும்பிலிருந்து மகள் தர்சிகா சொன்னாள்: “அப்பா, முறுக்கினால் நிக்காது. ஈயம் உருக்கி சோல்டர் பண்ணுங்கோ. வீடியோ அனுப்புறன்.”

11.01.2025

யாழ்ப்பாணம் போய் சோல்டரிங் அயனும் ஈயமும் வாங்கி வந்தேன். வந்த உடனேயே விரல் சுட்டது. அயன் நுனியில் ஈயத்தை உருக்கி, தோசைக்கு நெய் விடுவதுபோல வயரில் விட்டேன். உருண்டு உருண்டு கீழே விழுகிறது. வயரைச் சூடாக்கு, ஈயம் தானாக ஓடும் என்கிறான் வீடியோக்காரன். அவனுக்கு ஓடுகிறது.

சுவர்ணா கட்டிலில் கிடந்து சிரிக்கிறாள், வாயின் ஒரு பக்கத்தால். சிரிக்கட்டும்.

14.01.2025

தைப்பொங்கல். பொங்கல் அடிப்பிடித்தது. ஈயம்தான் பிடிக்கவில்லை.

17.01.2025

பிழை வயரில். பழைய வயர், செம்பு கறுத்துவிட்டது. ரேடியேற்றர் ஒட்டுகிற இன்னாசித்தம்பி அண்ணையிடம் ஒரு குப்பி அசிட் கேட்டேன். “மருந்தடிக்கிற மெசின் ஒழுகுதோ?” என்றார். “ஓம் ஓம்” என்றேன். மணி செய்கிறேன் என்றால் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அசிட்டைத் தடவி அயனை வைத்ததுதான் தாமதம், ஈயம் வெள்ளியாய்ப் பரவியது. வயருக்கு அசிட் தொடவே கூடாது, சோல்டர் பேஸ்ட்தான் பூசவேண்டும் என்று வீடியோவில் சொல்கிறான். பேஸ்ட் விற்கிறவன் வேறென்ன சொல்லுவான்?

நான் கிணற்றடியில் போய் நின்றேன். அவள் இடக்கையால் அழுத்தினாள். எருமை கத்தினமாதிரி ஒரு சத்தம்! ஓடிவந்தேன். திரும்பிப் போக விடாமல் பிறகும் அழுத்தினாள், பிறகும் அழுத்தினாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

02.02.2025

இப்போதெல்லாம் மணி அடித்தால் மட்டும்தான் வீட்டுக்குப் போகிறேன். இறைப்பு ஒழுங்காக நடக்கிறது, முழங்காலுக்கும் சுகம். ஆனால் சும்மா சும்மாவும் அடிக்கிறாள். ஓடிப்போனால் ஒன்றுமில்லை, என்னைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறாள். இன்றைக்குப் பொறுமை போய், “இதுக்கே கூப்பிட்டனீ?” என்று ஏசிவிட்டேன்.

27.02.2025

மாசிப் பனி மச்சையும் துளைக்கும் என்பது சரிதான், விடிய எல்லாம் நனைந்து கிடந்தது. காலை முழுக்க மணி அடிக்கவில்லை. நல்ல நித்திரை போல என்று நினைத்து, நிம்மதியாக வெங்காயம் கிண்டியெடுத்தேன். மத்தியானம் வீட்டுக்குப் போனால் —

மூத்திரத்திலை படுக்கை முழுக்க நனைஞ்சு கிடக்குது. அவளின்ரை விரல் சுவிற்சிலை. அழுது அழுது கண் வீங்கிப் போச்சு. “மணி கேக்கேல்லையப்பா!” எண்டு கத்தினன். நான் ஏன் கத்தினன்? அவள் சுவர்ப் பக்கம் திரும்பினாள். இழுத்து இழுத்து ஒரு சொல்: “அடிச்சனான்.”

28.02.2025

வயரை ஒட்டின இடத்து ரேப்பைப் பிரித்தேன். பச்சையாகப் பூத்திருந்தது. வயர் தொட்டதும் கையோடு வந்தது. அசிட் உள்ளே இருந்து, பனி ஈரத்தில் செம்பைத் தின்றிருக்கிறது.

அவளிடம் கொண்டுபோய்க் காட்டினேன். “இஞ்சை பார், வயர்தான். கேட்டும் நான் வராமல் விடேல்லை.” பார்த்தாள். தலையை ஆட்டினாள். நம்பினாளா? ஏசின வாய்தானே இதையும் சொல்லுது. ஒரு காலைப்பொழுது முழுக்க என்னைக் கூப்பிட்டுக்கொண்டு கிடந்திருக்கிறாள். நான் நிம்மதியாய் இருந்திருக்கிறன்.

03.03.2025

புது வயர். பேஸ்ட். சுரண்டித் துடைத்து, வயரைச் சூடாக்கி ஈயத்தைத் தொட்டேன், ஓடியது. இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. கை பழகிவிட்டது. இனிப் பழகி என்ன.

16.03.2025

மணியில் பிழையில்லை. காலையிலும் பின்னேரமும் நானே அழுத்திப் பார்க்கிறேன். அவள்தான் அழுத்துவதில்லை. அதனால் பழையபடி தோட்டத்துக்கும் வீட்டுக்குமாக ஓடுகிறேன். போனால் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறாள்.

இன்று போனபோது தண்ணீர்க் குவளை நிலத்தில் உருண்டு கிடந்தது. சட்டை நனைந்து, கட்டில் விளிம்பில் சரிந்து கிடந்தாள். எட்டி எடுக்கப் பார்த்திருக்கிறாள். சுவிற்சு கைக்குப் பக்கத்திலேயே இருந்தது.

“ஏனப்பா அடிக்கேல்லை?”

கனநேரம் சொல்லைத் தேடினாள். பிறகு, “பரவாயில்லை,” என்றாள். வீட்டுக்கு வந்த பிறத்தியாரிடம் சொல்வதுபோல.

தூக்கி இருத்தி, வேறு சட்டை போட்டுவிட்டு, தண்ணீர் பருக்கினேன்.