பாட்லெற் என்ற பெயர் வந்த வழி

1985 ஒக்டோபர் 14, திங்கள். ஹனோவர்

அகதி விசாரணை முடிந்தது என்று எழுத ஆசை. முடியவில்லை. இன்னொரு ரெர்மின், விசாரணைக்கு வேறொரு தேதி, தருவார்களாம்.

அதிகாரி மெலிந்த மனிதர், மரியாதையானவர். என் பிறப்புச் சான்றிதழின் பிரதியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ரஞ்சினி பாட்லெற். "ரஞ்சினி சரி. பாட்லெற் எப்படி?" என்று கேட்டார். மொழிபெயர்க்க வந்த சிதம்பரம் அண்ணை சிரிப்பை அடக்கிக்கொண்டார். யாழ்ப்பாணத்தில் இப்படிப் பெயருள்ள குடும்பங்கள் ஒன்றிரண்டல்ல என்று அவருக்குத் தெரியும். ஜேர்மன்காரருக்கு எங்கே தெரியப்போகிறது? வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷன் பள்ளிக்கூடம் நடத்திய காலத்தில், ஒரு பையனின் படிப்பை அமெரிக்காவில் யாராவது பொறுப்பேற்றால், அவர்கள் கேட்கும் பெயரைப் பையனுக்கு வைப்பார்கள். என் பாட்டனுக்குப் பாட்டன் ஆமோஸ் பாட்லெற் ஆனது அப்படித்தான். இவ்வளவையும் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

நான் வந்து இறங்கியது ஒரு மலேசியப் பெண்ணின் கடவுச்சீட்டில். ஆகவே என்னை நம்பாமலிருக்க அவருக்கு முழு உரிமை உண்டு. ஹம்பேர்க்கில் அகதியாக ஏற்கப்பட்டிருக்கும் யோசப் பாட்லெற் என் சொந்த அண்ணை என்று நம்பினால் என் காரியம் நிமிரும். நம்பாவிட்டால், இரவல் பெயரோடு வந்த எவளோ ஒருத்தி நான்.

"உங்கள் சகோதரர் என்று நீங்கள் சொல்பவர் இந்தப் பெயரின் கதையைத் தன் விண்ணப்பத்தில் விரிவாக எழுதியிருக்கிறார். அடுத்த முறை நீங்களும் விரிவாகச் சொல்லுங்கள்," என்றார். கதவுவரை வந்து கைகொடுத்தார்.

ஒக்டோபர் 20, ஞாயிறு

நான் இந்த மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது. அதனால் அண்ணைதான் ரயில் ஏறி வந்தார். அவர் மனைவி, புஷ்பமலர் மச்சாள், இறால் வடை கட்டிக் கொடுத்துவிட்டிருந்தார். வடை தின்றுகொண்டே பாடம் நடந்தது.

பொஸ்ரன் பட்டினத்துக் கப்பல் முதலாளி கப்ரன் ஆமோஸ் பாட்லெற். பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து கல்கத்தாவரை அனுப்பி விற்ற சீமான். எங்கள் முன்னோரின் கூர்மையைக் கேள்விப்பட்டுத் தன் பெயரையே கொடுத்தாராம். அப்பப்பா சொன்னபோது இரண்டு கப்பல். அப்பா சொன்னபோது மூன்று. அண்ணை அரசாங்கக் கடதாசியில் நாலு என்று எழுதியிருக்கிறார்.

"நாலு எண்டுதான் சொல்லோணும். விளங்குதே?"

"ஓம் அண்ணை."

நவம்பர் 6

வேலை செய்யக் கூடாது. ஊர் எல்லை தாண்டக் கூடாது. கப்பல் மட்டும் நாலு.

நவம்பர் 19, செவ்வாய்

நகரத்தில் ஓர் அமெரிக்க நூலகம் இருக்கிறது. சூடாக இருக்கும், யாரும் எழும்பிப் போ என்று சொல்வதில்லை. கப்பல்காரரைப் பற்றி இன்னும் நாலு தகவல் பொறுக்கலாமென்று போனேன். யாழ்ப்பாணம் தொலைபேசி நிலையத்தில் எட்டு வருடம் இணைப்புக் கொடுத்தவள் நான். அரைகுறைத் தகவலோடு ஒருவரை இன்னொருவரோடு பேசவிட்டால் என்ன ஆகும் என்று தெரியும்.

அங்கே வத்சலாவைச் சந்தித்தேன். கோயம்புத்தூர்ப் பெண். இங்கே பல்கலைக்கழகத்தில் நெசவு இயந்திரங்களைப் பற்றி ஆராய்கிறாள். அப்பா மில் ஃபிட்டராம். நான் கப்பல் தேடுவதைக் கேட்டுச் சிரித்தாள்.

"அக்கா, 1820, 30லயெல்லாம் பாஸ்டன் பணக்காரங்க பாதிப்பேர் ஷிப்பிங்கை விட்டுட்டு மில்லுல இன்வெஸ்ட் பண்ணிட்டாங்க. நீங்க ராங் ஷெல்ஃப்ல தேடுறீங்க."

என்னைக் கையோடு கூட்டிப்போய் வேறொரு அலுமாரியின் முன் நிறுத்தினாள்.

டிசம்பர் 8, ஞாயிறு

பத்து நாளாக வேறு நினைவில்லை. கொறற்றி, அகதி விடுதியில் என் அறைக்காரி, "பரீட்சையோ?" என்று கேட்கிறாள்.

லோவெல் என்று ஓர் ஊர். ஆறு விழுகிற இடத்தில் கால்வாய் வெட்டி, அந்தத் தண்ணீரின் வேகத்தில் ஆயிரக்கணக்கான நூற்புக் கதிர்களையும் தறிகளையும் ஓடவிட்டிருக்கிறார்கள். பஞ்சு ஒரு பக்கத்தால் உள்ளே போனால் மறுபக்கத்தால் துணியாக வருமாம். அதுவரை வீட்டு மூலையில் பெண்கள் நூற்று நெய்ததெல்லாம் பத்துப் பதினைந்து வருடத்துக்குள் கூரையொன்றின் கீழ் வந்துவிட்டது. தறியில் நின்றவர்கள் யார்? பண்ணை வீட்டுக் குமர்ப்பிள்ளைகள். பதினாறு, பதினெட்டு, இருபது வயது. தகப்பனின் கடன், தம்பியின் படிப்பு, தங்கள் கலியாணச் செலவு — ஒவ்வொருத்திக்கும் ஒரு காரணம். யாழ்ப்பாணத்தில் மூத்த பிள்ளைகளுக்கு இருக்கிற அதே காரணங்கள்.

நாலரைக்கு மணி அடித்தால் எழும்பவேண்டும். ஒரு நாளில் பன்னிரண்டு, பதின்மூன்று மணித்தியால வேலை. பஞ்சுத்தூசி, இரைச்சல். விடுதிக் கதவு இரவு பத்துக்குப் பூட்டப்படும். ஞாயிறு தேவாலயத்துக்குப் போகாவிட்டால் வேலை போகும். மில்லுக்குள் புத்தகம் கொண்டுபோகத் தடை. அதற்கு என்ன செய்தார்களாம்? பத்திரிகையில் வந்த பாட்டுகளைக் கத்தரித்துத் தறிக்குப் பக்கத்து ஜன்னலில் ஒட்டிவிட்டு, நூல் அறாத நேரத்தில் ஒரு வரி, நூலைக் கட்டிவிட்டு மறு வரி என்று பாடமாக்கியிருக்கிறார்கள். அடி கெட்டிக்காரிகளே.

1834இல் கூலியைக் குறைத்தபோது எண்ணூறு பேர் தறியை விட்டு வெளியே வந்து ஊர்வலம் போயிருக்கிறார்கள். பெண்கள் தெருவில் இறங்கினால் ஊர் என்ன சொல்லும் என்று அங்கேயும் சொல்லத்தான் சொன்னார்கள். தோற்றார்கள். இரண்டு வருடம் கழித்து இன்னும் கூட்டமாக வந்தார்கள்.

ஒன்று மட்டும் தொண்டையில் நிற்கிறது. அந்தப் பஞ்சு முழுவதும் தெற்கே அடிமைகள் பறித்தது. மில் பெண்களில் பலர் அடிமைமுறையை ஒழிக்கும்படி மனுவில் கையெழுத்து வைத்திருக்கிறார்கள், அதே பஞ்சைத்தான் மறுநாள் நெய்தும் இருக்கிறார்கள். இதை எங்கே வைத்து நினைப்பது என்று தெரியவில்லை. ஆனாலும் அவர்கள்மேல் எனக்கு மதிப்புக் குறையவில்லை. என்னை விடப் பன்னிரண்டு வயது குறைந்தவர்கள்.

டிசம்பர் 12

கப்ரன் பாட்லெற் எந்தப் புத்தகத்திலும் இல்லை. மிஷனின் பழைய கடிதங்களை அமெரிக்காவில் ஒரு நூலகம் வைத்திருக்கிறதாம். வத்சலா முகவரி எடுத்துத் தந்தாள். எழுதிப் போட்டுவிட்டேன். பதில் வந்தால் வரட்டும்.

1986 மார்ச் 21, வெள்ளி

பதில் வந்தது. இரண்டு கடிதங்களின் பிரதி.

நிதானமாக எழுதவேண்டும்.

முதலாவது 1832. லோவெல் ஊர் விடுதியொன்றிலிருந்து. எழுதியவள் மேர்சி பாட்லெற், நெசவு அறையில் வேலை. "ஆமோஸ் என் தம்பி. அவனைக் கல்லூரிக்கு அனுப்புவதற்காகவே நான் பண்ணையை விட்டு இங்கே வந்தேன். சென்ற இலையுதிர்காலத்தில் காய்ச்சலில் இறந்துபோனான். அவன் படிப்புக்கு வைத்ததை உங்கள் பள்ளியில் ஒரு பையனுக்குத் தருகிறேன். அவனுக்கு என் தம்பியின் பெயரை வையுங்கள்."

இரண்டாவது 1834, மார்ச். "எங்கள் கூலியைக் குறைத்தார்கள். நாங்கள் தறிகளை நிறுத்திவிட்டு வெளியே வந்தோம். என்னை இனி எடுக்கமாட்டார்களாம். நான் வீட்டுக்குப் போகிறேன். பையனைப் பள்ளியிலிருந்து நிறுத்தவேண்டாம். இந்த விடுதியிலுள்ள பெண்கள் என் பொறுப்பைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளச் சம்மதித்திருக்கிறார்கள்." கீழே பதினொரு பெண்களின் கையெழுத்து. ஒருத்திக்கு எழுதத் தெரியாது போலும், சிலுவைக் குறி போட்டிருக்கிறாள்.

கப்ரனும் இல்லை, கப்பலும் இல்லை, பனிக்கட்டியும் இல்லை. கூலி குறைந்து, வேலை போய், பெட்டியைக் கட்டுகிற நேரத்தில் கண்ணால் காணாத ஒரு யாழ்ப்பாணத்துப் பொடியனின் படிப்பைப் பற்றி ஒருத்தி யோசித்திருக்கிறாள். அவளோடு ஒரே விடுதியில் இருந்த பதினொரு பேர் சரி என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அந்தப் படிப்பால்தான் எங்கள் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக எழுதுவினைஞரும் வாத்திமாரும். நாங்கள் அதைக் கப்பல்காரன் தலையில் கட்டிவிட்டுப் பெருமை பேசியிருக்கிறோம்.

அழுதேன். சந்தோசத்தில்தான்.

ஏப்ரல் 13, ஞாயிறு

அண்ணைக்குக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது.

இரண்டு தரம் வாசித்தார். முகம் கறுத்துவிட்டது. "மில்லிலை கூலிக்கு நெய்தவளின்ரை பேரோ எங்களுக்கு?"

"அண்ணை, நீங்கள் இஞ்சை கோப்பை கழுவேல்லையே?"

அதைச் சொன்னதும் பிழைதான். ஆனால் உண்மை. ஹம்பேர்க்கில் உணவகத்துச் சமையலறையில் நிற்கிறார், ஊருக்கு எழுதும்போது ஹோட்டல் மனேஜர்.

பிறகு குரல் இறங்கியது. அது கோபத்தை விடக் கஷ்டமாக இருந்தது. "நான் அன்ராக்கிலை, அந்த விண்ணப்பத்திலை, எழுதிக் கையெழுத்து வைச்சிட்டன். நீ வேறை கதை சொன்னால் தங்கச்சி இல்லையெண்டு உன்னையும் அனுப்புவாங்கள், பொய்யெழுதினவன் எண்டு என்ரை கடதாசியையும் கிண்டுவாங்கள். மச்சாள் வயித்திலை பிள்ளையோடை இருக்கிறாள். யோசிச்சுப் பார்."

"பாப்பம்," என்றேன். கடிதப் பிரதி ஒன்றை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார். கிழிப்பதற்கா, வாசிப்பதற்கா தெரியவில்லை.

மே 4

சிதம்பரம் அண்ணையிடம் மெதுவாகக் கேட்டேன். "குடும்பக் கதை பிழையெண்டு ஒருத்தரையும் பிடிச்சு மறியலிலை அடைக்கமாட்டினம் பிள்ளை. ஆனால் அவைக்கு ரெண்டு கதையெண்டால் ரெண்டு குடும்பம்தான்," என்றார்.

ஜூன் 8, ஞாயிறு

நாளை ரெர்மின்.

பொய் சொல்லாத உத்தமி அல்ல நான். மலேசியப் பெண்ணாகச் சிரித்துக்கொண்டு வந்து இறங்கியவள். இன்னொரு பொய்யில் என்ன குறைந்துவிடும்? மேர்சி செத்து நூறு வருடத்துக்கு மேல். மச்சாளின் பிள்ளை இனித்தான் பிறக்கவேண்டும். கப்பல்தான். நாலு கப்பல். முடிவு.

தம்பிக்காக வந்தவள்தானே அவளும், அவளுக்கு விளங்கும்.

ஜூன் 9, திங்கள்

அதே அறை, அதே மெலிந்த மனிதர். முன்னால் இரண்டு கோப்புகள், என்னுடையதும் அண்ணையுடையதும்.

"பாட்லெற் என்ற பெயரைக் கொடுத்தவர் யார்?"

கப்ரன் என்றுதான் வாயைத் திறந்தேன். சத்தியமாக. வாய்க்குள் வந்த சொல் வெளியே வரவில்லை. பதின்மூன்று மணித்தியாலம் தறியில் நின்றவளைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் ஒரு தொப்பிக்காரனை நிறுத்த — ஏலாது. என்னாலை ஏலாமல் போச்சு. மேர்சி என்றேன். நெசவாலையில் வேலை செய்தவள் என்றேன். தம்பி, காய்ச்சல், கூலிக்குறைப்பு, பதினொரு கையெழுத்து, எல்லாம் சொன்னேன். சிதம்பரம் அண்ணை ஒரு கணம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு சொல் விடாமல் ஜேர்மனில் சொன்னார். பிரதிகளை மேசையில் வைத்தேன். மச்சாளின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது.

அதிகாரி அண்ணையின் கோப்பைத் திறந்தார். "1984இல் அவர் எழுதியது: கப்பல் உரிமையாளர், பொஸ்ரன்."

"அப்படித்தான் எங்கள் வீட்டில் சொல்வார்கள். அவர் பொய் சொல்லவில்லை. கேட்டதை எழுதினார்," என்றேன். கப்பல்களின் எண்ணிக்கையைப் பற்றி நான் பேசவில்லை.

அவர் ஒரு பக்கத்தைப் புரட்டினார். "மே 27இல் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது. தானாக எழுதியது." ஒவ்வொரு வரியாக வாசித்தார், சிதம்பரம் அண்ணை தமிழில் சொன்னார். பிழைபிழையான ஜேர்மன் என்று பிறகு சொன்னார். நான் அப்போது கேட்டது இவ்வளவுதான்:

என் விண்ணப்பத்தில் ஒரு விடயம் பிழை. எங்கள் பெயர் கப்பல் முதலாளியினுடையது அல்ல. மில்லில் நெசவு வேலை செய்த மேர்சி என்ற பெண் தன் இறந்த தம்பியின் பெயரைத் தந்தாள். இதைக் கண்டுபிடித்தவள் என் தங்கை. முதலில் எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போது இல்லை. நானும் சமையலறையில் கோப்பை கழுவுகிறேன்.

அதிகாரி இரண்டு கோப்புகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். எனக்கு ஒரு தண்ணீர்க் கிளாஸ் கொண்டுவரச் சொன்னார்.

ஜூன் 10

அண்ணைக்கு ஃபோன் எடுக்க நாணயம் போதவில்லை. உண்மையில் துணிவும் போதவில்லை.

செப்டெம்பர் 26, வெள்ளி

கடதாசி வந்தது. ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். சகோதரி, ரஞ்சினி பாட்லெற் என்று தட்டச்சில் தெளிவாக இருக்கிறது. கொறற்றி எனக்கு முன்னால் அழத் தொடங்கிவிட்டாள். வேலைக்கு அனுமதி உண்டு. ஊர் எல்லை தாண்டலாம்.

அண்ணைக்கு ஃபோன் எடுத்தேன். பின்னால் குழந்தை வீரிட்டு அழுதுகொண்டிருந்தது. மூன்று கிழமைப் பெண்பிள்ளை. நாளைக் காலை ரயிலில் வாறன் என்றேன். பிறகு இத்தனை மாதம் கேட்காததைக் கேட்டேன்.

"கடிதம் எழுதினதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"எழுதேக்கை சொல்ல வெக்கமாக் கிடந்தது. பிறகு சொல்லத் தேவையில்லையெண்டு விட்டிட்டன். நீ கப்பலைச் சொல்லமாட்டாய் எண்டு எனக்குத் தெரியும்."

அவருடைய பிள்ளைக்காக நான் கப்பலைச் சொல்லத்தான் போனேன் என்பது அவருக்குத் தெரியாது. சொல்லியிருந்தால் அந்த மேசையில் மறுபடியும் இரண்டு கதை கிடந்திருக்கும், இந்த முறை பொய் என்னுடையதாக.

"நான் கப்பலைச் சொல்லியிருந்தால், அண்ணை?"

"சொல்லியிருந்தால் நீ என்ரை தங்கச்சி இல்லையெண்டு அவங்கள் எழுதியிருப்பாங்கள்," என்றார். "அது சரிதானே."