மாலை போட்ட படத்தில் இருப்பவர்

கிரவீன், சிட்னி
மாசி 21

அன்பு மகள் மிருணாளினிக்கு,

உயிரோடிருக்கும் அப்பா எழுதுகிறேன். இந்த வரியைப் படித்ததும் உனக்குக் கோபம் வரும். வரட்டும். நாலு மாதமாக நம் வீட்டில் யாரும் சொல்லத் துணியாத பகிடியை நானாவது சொல்லிவிட வேண்டும். போனில் பேசினால் எனக்கு மூச்சு வாங்குகிறது, உடனே அம்மா வந்து போனைப் பறித்து வைத்துவிடுகிறாள். எழுதுவதென்றால் நடுவில் நிறுத்தி இளைப்பாறலாம்.

தம்பி சுஜீதன் நேற்று வந்து எல்லாம் சொன்னான். புதுத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்கு, செட் முழுவதற்கும் பொறுப்பாக உன்னையே புரொடக்‌ஷன் டிசைனராகக் கேட்டிருக்கிறார்களாம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். நீயோ வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இங்கே பரமட்டாவில் கடைகளுக்கு உள்ளலங்காரம் செய்யும் கம்பனி ஒன்றில் சேர்ந்து, எங்களோடு வந்து இருக்கப் போகிறாயாம். "அக்கா நல்லாக் களைச்சுப் போனா, விடுங்கோ அப்பா" என்றான். நான் விடுவதாக இல்லை.

உனக்குக் களைப்பு இல்லை என்று சொல்ல மாட்டேன். கட்டடக்கலை படித்த பிள்ளை, தொலைக்காட்சி வேலைக்குப் போய் முதல் இரண்டு வருடமும் கோப்பி வாங்கிக் கொடுத்தாய், மற்றவர்கள் கீறிய வரைபடங்களைப் பிரதியெடுத்தாய். பிறகு வான் ஓட்டிக்கொண்டு பழைய சாமான் கடைகளில் விளக்கும் கதிரையும் தேடினாய். பிறகு அவற்றைச் செட்டில் அடுக்கினாய். எட்டாவது வருடத்தில்தான் ஆர்ட் டைரக்டராக நீயே வரைபடம் கீறக் கிடைத்தது. ஒரு வேலை முடிந்தால் அடுத்தது வரும்வரை மெல்பேர்னில், டார்னெய்ட்டில் அந்தச் சின்ன அறைக்குள் போனைப் பார்த்தபடி இருப்பாய். ஆறு கிழமை கட்டிய வீட்டை மூன்றே நாளில் படம் பிடித்துவிட்டு உடைத்துக் குப்பையில் போட்டார்கள் என்று ஒருதரம் அழுதாய்.

ஆனால் நீ விலகப் பார்ப்பது களைப்பினால் அல்ல, அந்தப் படத்தினால்தான் என்று எனக்குத் தெரியும். நடந்ததை ஒருதரம் ஒழுங்காகச் சொல்கிறேன், பிழை எங்கே என்று நீயே பார்.

முன்பு நீ வேலை செய்த தொடரில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீடு. சாமான்கள் எல்லாம் சரியாக இருக்க வேண்டும் என்று நீ ஒற்றைக்காலில் நின்றாய். சுவரில் இறந்துபோன அப்பப்பாவின் படம் மாலையோடு தொங்க வேண்டும். எவருடைய படத்தையும் காட்டுவதற்கு அவரிடமோ குடும்பத்திடமோ எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டுமென்பது உங்கள் தொழில் முறை. நீ மூன்று வீடுகளில் கேட்டாய். தங்கள் வீட்டில் காலமான மனிதரை நாடகத்துக்குத் தர ஒருவருக்கும் மனம் வரவில்லை. படப்பிடிப்புக்கு முதல் நாள் தயங்கித் தயங்கி என் படத்தைக் கேட்டாய். நான் சிரித்துக்கொண்டு படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். 'படத்தில் இருப்பவரின் கையொப்பம்' என்று ஒரு கோடு இருந்தது. செத்தவர் தானே கையெழுத்துப் போட்ட படிவம் உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும். அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம் என்று சொன்னவனும் நான்தான்.

பிறகு தொடர் வந்தது. அம்மா அயலிலுள்ள அன்ரிமாரை எல்லாம் கூப்பிட்டு, வடை சுட்டு வைத்து, என்ர மகள் செய்த வீடு என்று பெருமையாகப் போட்டுக் காட்டினாள். பத்தாவது நிமிடத்தில் நான் வந்தேன், மாலையோடு, பக்கத்தில் சின்னச் சிவப்பு பல்ப் எரிய. வந்தவர்கள் வடையைக்கூட முடிக்காமல் எழுந்து போனார்கள். அது நடந்து மூன்றாம் கிழமை நான் மெரிலேண்ட்ஸ் கார் தரிப்பிடத்தில் விழுந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா உனக்குப் போன் எடுத்து, "உயிரோட இருக்கிற மனுசனுக்கு மாலை போட்டாய், பலிச்சுப் போச்சு" என்று கத்தினாள். நான் கட்டிலில் கேட்டுக்கொண்டுதான் கிடந்தேன்.

மிருணா, இனிச் சொல்வதைக் கவனமாகப் படி. நீ என் படம் கேட்பதற்கு நாலு மாதம் முன்பே எனக்கு நெஞ்சில் நோ வந்துவிட்டது. டொக்டரிடம் போனேன், நெஞ்சைப் படமும் எடுத்தார்கள். இதயம் களைத்துவிட்டது என்று அன்றைக்கே அவர் சொன்னார். வீட்டில் சொல்லப் பயந்து, அவர் தந்த மருந்துக் குளிசைகளைக் காருக்குள் ஒளித்து வைத்து, நினைத்த நேரம் போட்டேன், நினைத்த நேரம் விட்டேன். நான் விழுந்ததற்குக் காரணம் அதுதான். ஆஸ்பத்திரியில் அதைச் சொல்லியிருக்க வேண்டும். கோழைத்தனமாக வாயை மூடிக்கொண்டு, பழியை உன் தலையில் விட்டுவிட்டேன். என்னை மன்னித்துக்கொள்.

போன செவ்வாய்க்கிழமை அம்மாவுக்கும் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் குளிசைப் பெட்டியை மேசையில் அடித்து வைத்தாள். இப்போது கோபமெல்லாம் என் மேல்தான். அவளாக உனக்குப் போன் எடுக்க மாட்டாள், அவளுடைய குணம் உனக்குத் தெரியும். ஆனால் நேற்று, மெல்பேர்னில் இப்ப நல்ல வெக்கையோ என்று சுஜீதனிடம் இரண்டு தரம் கேட்டாள்.

யாழ்ப்பாணத்தில் நான் படவரைஞர். இங்கே வந்து இருபத்திரண்டு வருடம் ஒரு கிடங்கில் பெட்டி அடைத்தேன். இங்கேயும் வரைபடம் கீறும் வேலை கிடைக்குமா என்று ஒரு இடத்திலாவது கேட்டுப் பார்த்திருக்கலாம். இங்கிலிஷ் போதாது, பிள்ளைகள் சின்னன் என்று எனக்கு நானே சாட்டுச் சொன்னேன். இப்போது நீ என்னைச் சாட்டாகச் சொல்லப் போகிறாய். அதை என்னால் தாங்க முடியாது, மகள்.

டொக்டர் ஒப்பரேஷன் வேண்டாம், மருந்தோடு பார்ப்போம் என்கிறார். அவர் நல்ல பிள்ளை, பொய் சொல்லும்போது தரையைப் பார்க்கிறார். நீ வந்து பக்கத்தில் இருந்தாலும் மருந்து அதேதான்.

ஆகவே வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடு. ஒளிபரப்பாக ஒன்றரை வருடம் ஆகும், பொறுத்திருந்து பாருங்கள் என்று நீ சொல்வாய். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. செட் அடிக்கத் தொடங்கிய கையோடு என்னைக் கூப்பிடு, சுஜீதன் கூட்டி வருவான். சுவருக்குப் பூச்சு அடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருக்காதே. வெறும் பலகையாக நிற்கும்போதே ஒருதரம் வந்து பார்த்துவிட்டுப் போகிறேன்.

நீ நெடுங்காலம் நல்லாயிருக்க வேண்டுமென்று பிரார்த்திக்கும்,
அப்பா
வரதராஜா