சமையலறையிலிருந்து வந்த விடை

அக்கா, இதைப் படிக்காமல் உள்ளே போகாதே.

நேற்று, "படிப்பை விட்டவளுக்கு எதுக்குடி கணக்குப் பரீட்சை?" என்று கத்திவிட்டு வேலைக்குப் போனாய். மாலையில் நான் சதவீதக் கணக்குகளைச் சத்தமாகப் போட்டேன். தவறிய இடத்திலெல்லாம் சமையலறையிலிருந்து உன் குரல் திருத்தியது. கோபம் தணிந்து திரும்பிவிட்டாய் என்று நினைத்தேன். வெட்கத்தில் எட்டிப் பார்க்கவில்லை. இன்று காலையும் அப்படித்தான் படித்தேன்.

இப்போதுதான் உன் மேற்பார்வையாளர் போன் செய்தார். இரவு ஷிப்டும் முடித்துவிட்டு இனிமேல்தான் கிளம்புவாயாம். போனை வைப்பதற்குள், "ஏன் நிறுத்திட்ட? அடுத்த கணக்கச் சொல்லு" என்று சமையலறையிலிருந்து கேட்டது.

பரீட்சைக்கு ஓடுகிறேன். சாவி உள்ளேயே மாட்டிக்கொண்டது, கதவைப் பூட்டவில்லை. நீ உள்ளே போகாமல் வெளியே சாப்பிடு.

பி.கு.: அது ஒருமுறைகூட என்னை மக்கு என்று சொல்லவில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பரீட்சை நடக்கும் இடத்துக்கே வந்து என்னைத் திட்டு, அக்கா.