இரண்டு கிரேயும் அப்பா சாய்ந்த சுவரும்

வால்தம்ஸ்டோ,
ஞாயிறு

அன்பு மகள் ஜதுர்ஷிகாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் தம்பியும் சுகம், மெல்பேணில் நீயும் மருமகனும் குழந்தையும் சுகமாய் இருக்க அம்பாளை வேண்டுகிறேன். போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம். அப்பா போய் ஒரு வருசம் முடிகிற ஆட்டைத் திவசத்துக்கு வருகிற நீ அவருடைய அறையில்தானே தங்கப்போகிறாய், அதற்குப் பெயின்ட் அடிக்கத் தம்பி வெளிக்கிட்டான். இந்த நாட்டில் வானமும் கிரே, ரோட்டும் கிரே, போதாதென்று இரண்டு சின்னப் பேணியில் இரண்டு கிரே வாங்கி வந்து, கட்டில் தலைமாட்டுச் சுவரில் பக்கத்துப் பக்கமாய்ப் பூசி எது நல்லது என்று கேட்டான். ஒன்று நீலம் கலந்தது. காலையில் பரவாயில்லை, பின்னேரம் இருட்டத் தொடங்கியதும் அப்பாவைக் கடைசியாய்க் கிடத்தியிருந்த மண்டபத்துச் சுவராகவே ஆகிவிடுகிறது, என்னால் உள்ளே நிற்க முடியவில்லை. மற்றது தோலோடு அரைத்த உளுத்தம்மா நிறம், அதைத்தான் சொன்னேன்.

கோயிலுக்குப் போய் வந்து பார்த்தால், இரண்டு கிரேயும் சேருகிற இடத்தில் வட்டமாய் ஒரு கறை எழும்பி நிற்கிறது. அப்பாவின் தலை பட்ட அடையாளம், மகள். சனிக்கிழமைகளில் நல்லெண்ணெய் வைத்துக்கொண்டு, முழுகப் போகாமல் அந்தச் சுவரில் சாய்ந்து ரேடியோ கேட்பாரே, அந்த இடம். துவாயைப் போட்டுச் சாயுங்கோ என்று எத்தனை தரம் ஏசியிருப்பேன். தம்பி திரும்பப் பூசினான், காய்ந்ததும் திரும்ப வந்தது. எண்ணெய் ஊறின சுவரம்மா, முதல்ல கறை மறைக்கிற பெயின்ட் அடிச்சிருக்கோணும், அடிச்சாப் பிறகு தெரியாது எண்டான். எண்ணெய்தான் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த வாசலைக் கடக்கும்போது அவர் ஏதோ கேட்டதுபோல் நின்றுவிடுகிறேன், போன கிழமை தேத்தண்ணி ஒரு கோப்பை கூடுதலாய் ஊற்றிவிட்டுத் தம்பி பார்க்குமுன் குடித்தேன். அந்தக் கறையைப் பார்க்கப் பயமாய் இருக்கிறது, மூடிவிடுவதென்றால் அதைவிடப் பயமாய் இருக்கிறது.

நிறைமாதத்தில் உன்னைப் பிளேன் ஏற விடவில்லை, அப்பாவைப் போனில்தான் வழியனுப்பினாய். அதனால் தம்பியிடம் சொல்லிவிட்டேன், மற்றச் சுவர்களுக்கு உளுத்தம்மா நிறத்தை அடி, இதை அக்கா வரும்வரை தொடாதே என்று. நீ வந்து அவர் சாய்ந்த இடத்தில் ஒருதரம் சாய்ந்துகொள். பிறகு மூடுவதா விடுவதா என்று நீயே சொல்.

குழந்தைக்குத் தடித்த சட்டைகள் கொண்டு வா, இங்கே சரியான குளிர். மூன்று பேரையும் அம்பாள் காக்கட்டும். குழந்தையின் தலைக்கு எண்ணெய் வைக்க மறக்காதே. சுவரில் பட்டால் படட்டும், ஏசாதே.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அம்மா மங்கலம்