தொண்டைக்குக் கீழே

12-7-1979

ஏழாம் வகுப்புக்குச் செரிமான மண்டலம் நடத்தினேன். பலகையில் சிறுகுடலை வரைந்ததும் ஜிலேபி என்று சிரித்தார்கள். விழுங்குவது வரைக்கும்தான் நம் வேலை, அதற்குக் கீழே உடம்பு நம்மைக் கேட்காமலே பார்த்துக்கொள்ளும் என்றேன். சாயங்காலம் அவர் சோப்புக் கொட்டகையிலிருந்து வந்து தட்டு நிறைய இட்லி தின்றார். தன் மகனுக்குக் கண் படுமாம், அத்தை என்னை அந்தப் பக்கம் பார்க்கவிடவில்லை.

21-7-1979

வேலூர் ஆஸ்பத்திரி. எழுத முடியவில்லை.

25-7-1979

சோப்புக்காகக் காஸ்டிக் சோடா கரைத்து வைத்திருந்த சொம்பு. பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்கும். வெயிலில் மூட்டை இறக்கிவிட்டு வந்தவர் எடுத்து ஒரே மடக்கு. கூட்டாளி இருசப்பன்தான் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். வாய்ப்புண் ஆறிவிடும் என்கிறார் டாக்டர். உணவுக்குழாயைப் பற்றிக் கேட்டால் பார்க்கலாம் என்கிறார்.

9-10-1979

புண் ஆற ஆறத் தழும்பு சுருங்கி, குழாய் மூடியேவிட்டது. விரிக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. வயிற்றில் துளை போட்டு ரப்பர் குழாய் வைத்திருக்கிறார்கள். புனலில் கஞ்சி ஊற்ற நர்ஸம்மா சொல்லிக்கொடுத்தார். சூடு பார்த்து, மெதுவாக.

3-11-1979

வீட்டுக்கு வந்துவிட்டோம். எச்சில்கூட இறங்காது. நாளெல்லாம் டப்பாவில் துப்புகிறார். தினமும் ஒரு லிட்டருக்கு மேல் உமிழ்நீர் ஊறும் என்று எத்தனை வருஷமாகப் பிள்ளைகளை ஒப்பிக்க வைத்திருக்கிறேன்!

ஊற்றி முடித்ததும் சொன்னார்: "வயிறு ரொம்பிடுச்சு சரோ. பசி மட்டும் போவல."

19-11-1979

வீட்டில் தாளிப்பதை நிறுத்திவிட்டோம். பள்ளிக்கூடத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து தின்றுவிட்டு வருகிறேன். திருடி மாதிரி.

"இன்னா சாப்ட்ட?"

"ஒண்ணும் இல்லீங்க."

"பொய் சொல்லாத. வெங்காய வாசன வருது."

6-1-1980

எலும்பும் தோலுமாக ஆகிவிட்டார். ஊற்றுவது உடம்பில் ஒட்டுவதில்லை. ஜாஸ்தி ஊற்றினால் பேதி. "நாக்கு ருசி பார்த்தாத்தான் வயித்துல ஜீரண நீர் நல்லா சுரக்கும்மா. அவரே மெல்லட்டும். மென்னதப் புனல்ல துப்பி உள்ள விடுங்க" என்றார் டாக்டர்.

9-1-1980

கருவாட்டுக் குழம்பு ஊற்றிப் பிசைந்து கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் மென்றார். கண்ணோரம் ஈரம். துப்பினார், தண்ணீர் விட்டு உள்ளே இறக்கினேன். பார்த்துக்கொண்டிருந்த அத்தை அலறிவிட்டார்.

"எச்சிலப் போயி எம்புள்ள வயித்துல ஊத்துறியேடி!"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "எடுத்துட்டுப் போ. இனிமே வேணாம்."

20-1-1980

இன்று அவர் மென்று துப்ப, புனலை அத்தையே பிடித்துக்கொண்டார், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு.

2-3-1980

பள்ளிக்கூடம் விட்டு வருகிறேன், குழாய் தரையில் கிடக்கிறது. அவரே பிடுங்கியிருக்கிறார். "விட்டுடு சரோ. போதும்" என்கிறார். "எனுக்கு மட்டும் இன்னா கல்லா நெஞ்சு?" என்று கத்தினேன், அவரைப் பிடித்து உலுக்கினேன் — அந்த உடம்பையா உலுக்கினேன்? துளை மூடிக்கொள்வதற்குள் போக வேண்டுமென்று வேலூர் பஸ் ஏறினோம். வழியெல்லாம் என் தோளில் சாய்ந்தே வந்தார்.

3-3-1980

குழாயை மறுபடி வைத்துவிட்டார்கள். பெரிய டாக்டர் வந்து பேசினார். பெருங்குடலில் ஒரு துண்டை, ரத்தக்குழாய் அறாமல், மார்பு வழியாகக் கழுத்து வரை ஏற்றித் தைப்பார்களாம். அதுவே இனி உணவுக்குழாய். மிச்சக் குடல் சமாளித்துக்கொள்ளும். "பிழைப்பாரான்னு கேட்டா உறுதி சொல்ல மாட்டேன்மா."

நான் வாயைத் திறக்கும் முன்னே அவர், "பண்ணுங்க சார்" என்றுவிட்டார். வாழ ஆசைப்பட்டுச் சொன்னாரா, சாகலாம் என்று சொன்னாரா?

29-4-1980

ஆபரேஷன் முடிந்தும் விடிவில்லை. கழுத்துத் தையல் வழியாக எச்சில் கசிகிறது. ஜுரம். துணி மாற்றி மாளவில்லை. அத்தை அண்ணாமலையாரைத் திட்டிக்கொண்டே இருக்கிறார். எனக்குத் திட்டவும் தெம்பில்லை.

11-5-1980

அப்படியேதான்.

2-6-1980

கசிவு நின்றிருக்கிறது. நம்பப் பயமாக இருக்கிறது.

கார்த்திகை தீபம், 1980

ஆபரேஷனில் போன குரல் திரும்பவே இல்லை. காற்றாகத்தான் பேசுகிறார். நிமிர்ந்து உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும். அது மார்புக்குள் இறங்கும் சத்தம் பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும். மல்லாந்து படுத்தால் எதிர்த்து வருகிறது. அந்தக் குடல் துண்டு பழைய குழாயைப் போல உந்தித் தள்ளாது, இறங்கினால் உண்டு.

காலையில் பால்கஞ்சி கொண்டுபோனேன். கிண்ணத்தைத் தள்ளிவிட்டார். மறுபடியும் அடைத்துக்கொண்டதா?

"இன்னாங்க, எறங்கலியா?"

இல்லை என்று தலையாட்டி, கிட்டே வரச் சொன்னார். குனிந்தேன்.

"ஊரே தீபம் பாத்துட்டுத்தான சாப்புடும். நானும் இன்னிக்கி வெரதம்."

கஞ்சியை எடுத்துவந்து மூடி வைத்தேன். சாயங்காலம் மூன்று பேருக்கும் சேர்த்து உலை வைக்க வேண்டும்.